பெயரும் அளவும்: ஹைட்ரஜன் பிணைப்பின் வரலாறு

‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்னும் கலைச்சொல்லை மாணாக்கர் பலர் மனனம் செய்கின்றனர். அறிஞர் அதனை எவ்வாறு அளந்தனர் என வினவுவோர் சிலரே. மொழியியல் பயின்ற நாம் இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஒரு கலைச்சொல், தான் சுட்டும் பொருளுக்குச் சான்று கிடைத்த பின்னரே உறுதி பெறுகிறது.

1920ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாட்டிமர், ரோடபுஷ் ஆகிய இருவரும், ஒரு ஹைட்ரஜன் அணு வேறிரண்டு அணுக்களுக்கிடையே நின்று வலுக்குறைந்த பிணைப்பை உண்டாக்கக்கூடும் என எழுதினர். அதே ஆய்வகத்தின் ஹக்கின்ஸ் இக்கருத்தைக் கையாண்டிருந்ததையும் அவர்கள் குறிப்பிட்டனர். கருத்து தோன்றிவிட்டது; அளவுகோல் பின்னரே வந்தது.

அவ்வளவுகோல் அகச்சிவப்புக் கதிராகும். ஆல்கஹாலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சுருள்வில்லின் இரு முனைகள்போல் அதிர்கின்றன. கார்பன் டெட்ராகுளோரைடில் மிக நீர்த்த நிலையிலுள்ள மெத்தனால், சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3640 அலைகள் கொண்ட கதிரை உறிஞ்சும். வேறோர் அணு அந்த ஹைட்ரஜனைத் தன்பால் ஈர்த்தால் வில் தளரும். அலை எண் குறையும். இக்குறைவுக்கும் பிணைப்பாற்றலுக்கும் தொடர்புண்டு என 1937இல் பேட்ஜர், பாவர் ஆகியோர் காட்டினர்.

எதிர்மின் அயனிகளை ஆராய்வதில் ஓர் இடர் இருந்தது. சமையலுப்பு நீரில் கரையும். ஆனால் அந்நீரே குளோரைடு அயனியைச் சூழ்ந்து பிணைந்துகொள்ளும். ஆல்கஹாலுக்கு இடம் வாய்க்காது. ஆதலால் நீரல்லாத கரைப்பான்களில் கரையும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் போன்றவற்றின் உப்புகள் பயன்பட்டன. 1963இல் அலர்ஹாண்டும் ஷ்லையரும் ஹாலைடு அயனிகள் ஆல்கஹாலோடு பிணைவதை அகச்சிவப்பு முறையால் ஆராய்ந்து வெளியிட்டனர். குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்னும் வரிசையில் அலை எண் குறைவு சுருங்கிச் செல்கிறது. பிணைப்பும் அவ்வாறே தளர்கிறது.

தனித்த ஆல்கஹாலின் உறிஞ்சல் எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கொண்டு பிணைந்த பங்கைக் கணக்கிடலாம். அதனையே பல வெப்பநிலைகளில் செய்தால் பிணைப்பாற்றலும் புலப்படும். ஆயினும் மின்னூட்டமற்ற மூலக்கூறுகளுக்குக் கண்ட விதியை அயனிகளுக்கும் அப்படியே பொருத்தலாகாது. அலை எண் குறைவு வேறு, ஆற்றல் வேறு.

2011இல் அனைத்துலக வேதியியல் ஒன்றியம் இச்சொல்லுக்குப் புதிய வரையறை அளித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் அருணன் அக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். பிணைப்பு உருவானதற்குச் சான்று இருத்தல் வேண்டும் என்பது அவ்வரையறையின் ஒரு கூறு. கலைச்சொல்லைக் கற்பிக்கும் நாம், அதன் சான்றையும் உடன் கற்பிப்போமாக.