இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் படைத்துறை ஒப்பந்தங்களும்

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் லிமிடெட் (எச்.ஏ.எல்) பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அரசின் வானூர்தி உற்பத்தி நிறுவனமாகும். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் பங்களிப்புடன் 1940 டிசம்பர் 23 அன்று 'இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' என்ற பெயரில் இதனைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் ஆசியாவில் பரவியதால் 1942இல் பிரித்தானிய இந்திய அரசு நிருவாகத்தை ஏற்றது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க வான்படையின் பொறுப்புக்கு மாறியது. உற்பத்தி பின்தங்க, போர் வானூர்திகளைப் பழுதுபார்ப்பதே முதன்மைப் பணியாயிற்று.

விடுதலைக்குப் பின் வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி வானூர்தி 1951இல் பறந்தது. செருமானியப் பொறியாளர் குர்த் டாங்க் தலைமையில் உருவான 'மாருத்' போர் வானூர்தி 1961 சூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1964 அக்டோபர் 1 அன்று ஏரோநாட்டிக்ஸ் இந்தியா நிறுவனத்துடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது.

மாருத் ஒலியின் வேகத்தை விஞ்சும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதற்கென எண்ணியிருந்த பிரித்தானிய எஞ்சினின் உருவாக்கம் கைவிடப்பட்டதால், ஆற்றல் குறைந்த எஞ்சினே பொருத்தப்பட்டது. 1971 போரில் லோங்கேவாலாவில் பங்கேற்ற போதிலும், 147 வானூர்திகளுடன் உற்பத்தி முடிவுற்றது.

எஞ்சினுக்கு அயல்நாட்டைச் சார்ந்திருக்கும் நிலை இன்றும் தொடர்கிறது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ வானூர்திகளுக்கு ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அமெரிக்க எஃப்-404 எஞ்சின்கள் காலம் தாழ்த்தி வந்தது, 2024இல் தொடங்கவிருந்த ஒப்படைப்பு தள்ளிப்போக முக்கியக் காரணமாயிற்று. 2025 செப்டம்பரில் மேலும் 97 வானூர்திகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. கோவை அருகிலுள்ள சூலூர் வான்படைத் தளம் தேஜஸ் படைப்பிரிவுகளின் தளமாக உள்ளது.