பற்றும் விடுதலும்

செஞ்சிக்கு முதன்முறை வருகின்றவர்கள் பெரும்பாலும் மதில்களைப் பார்த்தே மலைத்து நின்றுவிடுகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடும் அம்மதில்களைக் கண்டு வியவாதார் இல்லை. 2025ஆம் ஆண்டில் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னர் வருகையாளர் தொகை கூடியிருக்கிறது, வியப்பும் கூடியிருக்கிறது. ஆனால் ராஜகிரியின் உச்சியை நெருங்கும் தறுவாயில் பாறை பிளந்து கிடக்கும் ஓரிடம் உண்டு. அப்பிளவின் மேலுள்ள சிறு பாலத்தைக் கடந்தால்தான் உச்சிக் கோட்டைக்குள் நுழையவியலும். பாலத்தை எடுத்துவிட்டால் எவ்வளவு பெரிய படையும் பிளவின் இப்பால் நின்றுவிட வேண்டியதே. மதிலின் வலிமை அது அசையாதிருப்பதில் உள்ளது. பாலத்தின் வலிமையோ, வேண்டும்போது இடவும் வேண்டாதபோது எடுக்கவும் இயல்வதில் உள்ளது.

இக்கட்டுரை கோட்டையைப் பற்றியதன்று. நம் உடலின் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் இத்தகைய பாலங்கள் உண்டு. அவற்றுக்கு இன்டெக்ரின்கள் என்று பெயர். அவை கண்டறியப்பட்ட வரலாற்றில் சென்னைக்கும் வேலூருக்கும், நம் குன்றுகளின் பாறையிடுக்கில் வாழும் ஒரு சிறு பாம்பினத்துக்கும் பங்கு உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பற்று என்ற சொல்லைக் கொண்டு இத்தனை நூற்றாண்டுகளாகச் சிந்தித்துவரும் ஒரு மொழியின் வாசகர்களுக்கு இது அயலான செய்தி அன்று என்பதே நம் எண்ணம்.

உடல் என்பது உயிரணுக்களின் குவியல் மட்டுமன்று. அணுக்களுக்கிடையே, அவையே சுரந்து உண்டாக்கிய நார்களாலான ஒரு வலை இருக்கிறது. அவ்வலையின் முதன்மையான பொருள் கொலாஜன் என்னும் புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு யாவற்றுக்கும் உறுதி தருவது அதுவே. இதன் கட்டமைப்பை விளக்கியது சென்னைப் பல்கலைக்கழகம். 1952இல், தம் முப்பதாம் அகவையில், அங்கு இயற்பியல் துறையின் தலைவராக வந்தவர் கோ.நா. இராமச்சந்திரன். சென்னைக்கு வந்திருந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் குறிப்பிட்டாராம். அடையாற்றில் அருகிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதன்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிக் கிடைத்த படங்களைக் கொண்டு, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் அமைப்பை முன்வைத்தனர். 1955இல் அதனை மேலும் திருத்தினர். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு என்பதே அவர்கள் கண்ட உண்மை. நுணுக்கங்களில் மேலைநாட்டாரோடு கருத்து மாறுபாடுகள் எழுந்தன. ஆயினும் மூவிழைக் கயிறு நிலைபெற்றுவிட்டது.

கயிறு கிடைத்துவிட்டது. அதைப் பற்றும் கை எது என்ற வினா எஞ்சியது. விந்தை என்னவென்றால், அந்தக் கை இன்னதென்று எவரும் அறியுமுன்பே, அது இல்லாமல் பிறந்த குழந்தைகளை மருத்துவர்கள் கண்டிருந்தனர்.

1918இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் ஒரு பரம்பரை நோயை விவரித்தார். மூக்கிலும் ஈறிலும் குருதி கசியும்; சிறு காயமும் நெடுநேரம் நில்லாது ஒழுகும். குருதியை எடுத்துப் பார்த்தால் தட்டணுக்களின் எண்ணிக்கையில் குறை இராது. எண்ணிக்கை இருந்தும் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளா. படை இருக்கிறது, அணிவகுக்கத் தெரியவில்லை என்பது போன்ற நிலை. 1974இல் பாரிசில் ஆலன் நர்டனும் ழாக் கானும், இந்நோயாளிகளின் தட்டணுப் பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் குறைவுபடுவதைக் கண்டனர். பிற்காலத்தில் அதுவே ஓர் இன்டெக்ரின் என்று அறியப்பட்டது.

இந்நோய் உலகில் மிக அரிது. தென்னிந்தியாவில் அத்துணை அரிதன்று. 1981இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தென்னிந்திய நோயாளிகள் 42 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். ஒரே மருத்துவமனையில் இத்தனை பேர் கூடியதற்குக் காரணம் நம் குருதியில் மட்டும் இல்லை, நம் உறவுமுறையிலும் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தாலொழிய இந்நோய் வெளிப்படாது. ஒன்று மட்டும் உள்ளவர் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் உரிமை என்று மணக்கும் குடும்பங்களில் அத்தகைய இருவர் சேர்வது எளிது.

நம் பழைய பாடல்களும் புதிய கதைகளும் முறைப்பெண்ணையும் முறைமாமனையும் எவ்வளவு கொண்டாடியிருக்கின்றன என்பதை இலக்கியம் கற்பிக்கும் நாம் அறிவோம். அக்கொண்டாட்டத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் இந்நோயுள்ள சிறுமிக்குப் பூப்பெய்தும் நாளே உயிருக்கு இடர் தரும் நாளாகக்கூடும் என்று படித்தபோது, வகுப்பில் அவ்வுறவைச் சிலேடை நயத்தோடு விளக்கிய நாள்கள் நினைவுக்கு வந்தன. சொத்து வெளியே போகாமல் காக்கும் பற்று, குருதியை உள்ளே நிறுத்தும் பற்றை அறுத்துவிடக்கூடும் என்பதை எந்த உரையாசிரியரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

பற்றும் கையின் அடையாளம் தெரிந்தது எண்பதுகளில். 1984இல் கலிபோர்னியாவில் எர்க்கி ரூவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும், உயிரணு பற்றிக்கொள்ளும் பிடி மூன்றே மூன்று அமினோ அமிலங்களின் தொடர் என்று காட்டினர்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். ஃபைப்ரோநெக்டின் போன்ற மாபெரும் புரதத்தில் மூன்றே எழுத்துகள்! 1986இல் ரிச்சர்ட் ஹைன்சின் குழுவினர் பற்றும் புரதத்துக்கு இன்டெக்ரின் என்று பெயரிட்டனர். அணுவின் புறத்தேயுள்ள வலையையும் அகத்தேயுள்ள சட்டகத்தையும் இணைப்பது என்பது கருத்து. அதே காலத்தில் டிமோத்தி ஸ்பிரிங்கர் வெள்ளணுக்களில் இக்குடும்பத்தின் வேறு உறுப்பினர்களை ஆராய்ந்துவந்தார். அவை குறைபட்ட குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி உரிய காலத்தில் விழாது. புண்ணில் சீழ் கட்டாது. வெள்ளணுக்கள் குருதிக்குழாயின் சுவரைப் பற்றி வெளியேற இயலாமல் ஓட்டத்தோடு போய்விடுவதே காரணம். இம்மூவருக்கும் 2022இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

மனிதரில் 24 வகை இன்டெக்ரின்கள் உள்ளன. 18 வகை ஆல்ஃபா இழைகளும் 8 வகை பீட்டா இழைகளும் இவ்விரண்டாக இணைந்து உண்டாகின்றன. சென்னையில் கண்ட மூவிழைக் கயிற்றை அவற்றுள் ஒன்று பற்றியிருக்கும் காட்சியே 2000ஆம் ஆண்டில் படிகப் படமாகக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டில், பற்றாத நிலையில் இன்டெக்ரின் மடிந்து வளைந்திருக்கக்கூடும் என்று மற்றொரு படம் உணர்த்தியது. அகத்திலிருந்து கட்டளை வந்தால் நிமிர்ந்து நீளும், பின்னர் பற்றும். பாலம் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, வேண்டும்போது இடப்படுகிறது. ஒரு தட்டணுவின் மேல் ஏறத்தாழ 80,000 பாலங்கள்! காயம் நேராத வரையில் அவை அனைத்தும் மடிந்தே இருக்க வேண்டும். இல்லையேல் குருதி குழாய்க்குள்ளேயே உறையும். மாரடைப்பில் நிகழ்வது இதுவே.

இனிப் பாம்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களோடு ராஜகிரி அடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, வறுசட்டியில் மணலைக் கொட்டியது போன்ற ஓர் ஒலி கேட்டது. கல்லிடுக்கில் ஒரு முழம்கூட இல்லாத பாம்பு, உடலைச் சுருட்டிச் செதில்களை உராய்த்துக்கொண்டிருந்தது. சுருட்டை விரியன். ஒரு மாணவன் கழியை ஓங்கினான். விறகு சேர்த்துக்கொண்டிருந்த இருளர் முதியவர் ஒருவர், “அடிக்காத தம்பி, அது வழிய வுட்டுப் போயிடும்” என்று சொல்லி, நீண்ட குச்சியொன்றால் அதைப் பாறைக்கு அப்பால் தள்ளிவிட்டார். எங்களுக்கு வியர்த்திருந்தது. அவர் மீண்டும் விறகுக்குத் திரும்பிவிட்டார்.

இப்பாம்பின் நஞ்சு பல வழிகளில் வேலை செய்கிறது. அதிலுள்ள ஒரு நொதி, குருதியின் உறைபொருள்களை வீணே செலவழிக்கச் செய்து தீர்த்துவிடுகிறது. கடிபட்டவரின் குருதி உறையும் தன்மையையே இழக்கும். இதை அறிய மருத்துவமனைகளில் செய்யும் சோதனை மிக எளியது. சிறிது குருதியைத் தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சுமுறிவு மருந்து தேவை. ஊர்ப்புற மருத்துவமனையில் அந்த 20 நிமிடமும் வாயிலில் நிற்கும் உறவினரின் முகங்களைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அதே நஞ்சில் 1988இல் மற்றொரு சிறு புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. எகிஸ்டாட்டின் என்று பெயர். 49 அமினோ அமிலங்களே கொண்டது. அதன் நடுவே மேற்சொன்ன அதே மூன்றெழுத்துத் தொடர் இருக்கிறது! உயிரணு பற்றும் பிடியைப் பாம்பு போலியாகச் செய்து நீட்டுகிறது. தட்டணுவின் கை அதைப் பற்றிக்கொள்கிறது. உண்மையான பிடியைப் பற்ற அதற்குக் கை இல்லாமற்போகிறது. கிளான்ஸ்மன் கண்ட குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே நேர்ந்தது இங்கு நஞ்சினால் நேர்கிறது. அப்படியானால், அளவோடு அதைச் செய்தால் மாரடைப்பில் குருதிக்கட்டி வளர்வதைத் தடுக்கலாமே என்று மருந்தியலார் எண்ணினர். அப்பிடியின் வடிவத்தை ஒத்ததாகத் தொகுத்தெடுக்கப்பட்ட டைரோஃபிபன் என்னும் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதில் நஞ்சு ஒரு துளியும் இல்லை. நஞ்சு கற்பித்த பாடம் மட்டுமே இருக்கிறது. அதே ஆண்டில் வந்த எப்டிஃபிபடைடு என்ற மருந்துக்கும் வழிகாட்டியது ஓர் அமெரிக்கப் பாம்பின் நஞ்சே.

எல்லா முயற்சியும் இவ்வாறு கைகூடிவிடவில்லை. வெள்ளணுக்களின் இன்டெக்ரினைத் தடுக்கும் நடாலிசுமாப் என்ற மருந்து, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு நோய்க்கு 2004இல் வந்தது. அரிதான மூளைத் தொற்று ஏற்பட்டமையால் 2005இல் திரும்பப் பெறப்பட்டு, 2006இல் கடுங்கட்டுப்பாடுகளோடு மீண்டது. காவலரைத் தடுத்தால் கள்வரும் நுழைவர் அல்லவா? புற்றணுக்கள் இடம்விட்டு இடம் பரவுவதற்கும் இன்டெக்ரின்கள் துணைபோகின்றன. முன்னே பற்றி, பின்னே விட்டு, நகர்ந்து செல்வதே அவற்றின் நடை. அதைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் மூளைப் புற்றுக்குச் சோதிக்கப்பட்ட சிலெஞ்ஜிடைடு, நோயாளிகளின் வாழ்நாளை நீட்டவில்லை. எல்லா அணுவுக்கும் பொதுவான ஒன்றைக் கள்வனிடமிருந்து மட்டும் பறிப்பது எளிதன்று.

இவ்வரலாற்றில் விருதுபெற்றோர் பெயர்களைச் சொன்னோம். பெயர் சொல்லப்படாதோர் இரு சாரார். ஒரு சாரார், தம் குருதியைச் சோதனைக்குத் தந்த நோயாளிகள். மற்றொரு சாரார், பாம்பை அறிந்தவர்கள். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோன பின் வாழ்வு தடுமாறிய இருளர்களுக்காக, 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அவர்கள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நம் நாட்டின் நஞ்சுமுறிவு மருந்து அந்நஞ்சைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பிடிக்கவும் தெரிந்து, காயமின்றி விடவும் தெரிந்த ஒரு கல்வி அவர்களுடையது.

அன்று கழியை ஓங்கிய மாணவன் பின்னர் செவிலியர் பயிற்சிக்குச் சென்றான். சென்ற ஆண்டு வழியில் கண்டபோது, இரவுப் பணியில் ஒரு பாம்புக்கடிக் குழாயைத் தானே கடிகாரம் பார்த்துச் சாய்த்ததாகச் சொன்னான். “உறைஞ்சிருந்துச்சுங்க ஐயா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.