மாதவிடாய் நிறுத்தச் சிகிச்சையில் புரோஜெஸ்டோஜென்

மாதவிடாய் நின்றபின் ஏற்படும் திடீர் உடல் சூடு, வியர்வை போன்ற தொல்லைகளைக் குறைக்க ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் தரப்படுகிறது. கருப்பை உள்ள பெண்களுக்கு அதனுடன் சேர்த்துத் தரப்படும் மருந்தே புரோஜெஸ்டோஜென். உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனும், அதைப் போலச் செயல்படும் செயற்கைச் சேர்மங்களும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

தோற்றம்

புரோஜெஸ்டிரோன் 1934இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அதை வாய்வழி உட்கொண்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்ந்தது. எனவே மாத்திரைகளுக்குச் செயற்கைச் சேர்மங்கள் உருவாக்கப்பட்டன. அமெரிக்காவில் 1942 முதல் விற்கப்பட்ட பிரீமரின் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் மட்டுமே இருந்தது.

கருப்பைக்குக் காவல்

ஈஸ்ட்ரோஜென் கருப்பையின் உட்படலத்தை வளரச் செய்யும். புரோஜெஸ்டோஜென் அவ்வளர்ச்சியைத் தடுக்கும். ஈஸ்ட்ரோஜெனை மட்டும் எடுத்த பெண்களிடம் உட்படலப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1975இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. அதன்பின் புரோஜெஸ்டோஜென் சேர்ப்பது வழக்கமாயிற்று. 875 பெண்கள் பங்கேற்ற 'பெப்பி' ஆய்வு (1995), நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோனும் உட்படலத்தைக் காக்கிறது என நிறுவியது. சேர்க்கை மருந்துகளுள் நல்ல கொழுப்பை அதிகம் பேணியதும் அதுவே.

2002ஆம் ஆண்டின் திருப்பம்

அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் சேர்க்கை மருந்துப் பிரிவு 2002 ஜூலையில் இடையில் நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றோரிடம் மார்பகப் புற்றுநோய் 26% கூடியிருந்தது. அதாவது ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேர் கூடுதல். அச்சத்தால் உலகெங்கும் பலர் சிகிச்சையைக் கைவிட்டனர். ஆனால் சோதிக்கப்பட்டது குதிரைச் சிறுநீரிலிருந்து பெறப்படும் ஈஸ்ட்ரோஜெனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டும் சேர்ந்த ஒரே சேர்க்கை. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜென் மட்டும் பெற்றோரிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

எந்தப் புரோஜெஸ்டோஜென்?

இதனால் கவனம் புரோஜெஸ்டோஜெனின் வகை மீது திரும்பியது. 80,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த பிரான்சின் 'ஈ3என்' ஆய்வு (2008), ஈஸ்ட்ரோஜெனுடன் புரோஜெஸ்டிரோன் எடுத்தோரிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்றது. டைட்ரோஜெஸ்டிரோன் தவிர்த்த பிற செயற்கை வகைகளில் 69% கூடியிருந்தது. இது கண்காணிப்பு ஆய்வே. மருந்தைக் குலுக்கல் முறையில் பிரித்தளித்துச் செய்த சோதனை அன்று. ஆகவே இதை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது.

இன்று நுண்துகள் புரோஜெஸ்டிரோன், டைட்ரோஜெஸ்டிரோன், லெவோநார்ஜெஸ்ட்ரெல் வெளியிடும் கருப்பைச் சாதனம் ஆகியன பயன்பாட்டில் உள்ளன. கருப்பை உள்ள பெண் புரோஜெஸ்டோஜெனை மட்டும் தானாக நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜெனைத் தொடர்வது ஆபத்தானது என்பதே 1975 முதல் மாறாத பாடம்.