திண்மத்தைத் தாளில் காண்பது

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பொறியியற் கல்லூரிக்குச் செல்லும் மாணவரே, முதலாண்டு வரைபட வகுப்பில் சாய்ந்து நிற்கும் கூம்பின் முகப்புத் தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரையச் சொன்னால் பலருக்குக் கை ஓடாது. ‘இது எனக்கு வராது’ என்று அப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இக்கலையை முறைப்படுத்தியவர் பிரெஞ்சுக் கணித மேதை காஸ்பார் மான்ஷ். மெசியேர் நகர இராணுவப் பொறியியற் பள்ளியில், நீண்ட கணக்குப் போட்டே தீர்த்துவந்த கோட்டை வடிவமைப்புச் சிக்கலை அவர் வரைந்தே தீர்த்தார். இத்தனை விரைவில் எப்படி முடியும் என்று அதிகாரி முதலில் விடையைப் பார்க்கவே மறுத்தாராம்! பிறகு அம்முறை இராணுவ இரகசியமாயிற்று. 1795-இல்தான் மான்ஷ் பாரிசில் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னையில் நில அளவைப் பள்ளி தோன்றியது. பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

கண்ணால் கற்பவர், செவியால் கற்பவர், கையால் கற்பவர் என மாணவரை வகைபிரிப்பது பிற்கால வழக்கம். வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008-இல் பேஷ்லர் குழுவினர் காட்டினர். எனக்கு அதில் வியப்பில்லை; வரைபடத்துக்குக் கண்ணும் வேண்டும், கையும் வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993-இல் வேறு வழியில் சென்றார். திண்மங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் தேர்வில் பின்தங்கியோருக்குக் கட்டைகளைக் கொடுத்து, கையால் வரையவைத்துப் பயிற்சி அளித்தார். அவர்களது திறன் உயர்ந்தது. வரைபடப் பாடத்திலும் முன்னேறினர்.

உங்களுக்குக் கட்டை கிடைக்காவிட்டால் கூம்பு வடிவக் காரட் போதும். ஒருபுறமிருந்து மறுபுறம்வரை சாய்வாக வெட்டுங்கள்: நீள்வட்டம். இன்னொன்றை அதன் பக்கக்கோட்டுக்கு இணையாக வெட்டுங்கள்: பரவளையம். வெட்டுவதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.