ஆடிக்கு ஓர் ஆடை



வெள்ளி விளக்குக் கருத்துவிட்டால், திருநீற்றை இட்டுத் துலக்கி, மீண்டும் அதனை ஒளிரச் செய்வது நம் இல்லங்களில் வழக்கம். நிலத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் தொலைநோக்கி ஒன்றின் ஆடி மங்கிவிட்டால், அதனைத் துலக்குவார் யார்? அதனை மங்காமல் காக்க வழி தேடிய அறிஞர்களின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தொலைநோக்கியின் உயிர், அதன் ஆடியின்மேல் பூசப்பட்ட உலோகப் படலத்தில் இருக்கிறது. கண்ணாடி அப்படலத்தைத் தாங்கும் பீடமே. ஒளியைத் திருப்பி அனுப்புவது படலமே. 1850களில் பிரான்சில் பூக்கோவும், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் கண்ணாடியின்மேல் வெள்ளி பூசித் தொலைநோக்கி ஆடிகளைச் செய்தனர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் திருப்பித் தருவதில் வெள்ளிக்கு நிகரான உலோகம் இல்லை. எனினும், அதற்கு இரண்டு குறைகள் உண்டு. காற்றிலுள்ள கந்தக வாயுக்கள் பட்டு அது விரைவில் கருத்துவிடும். மேலும், ஊதா நிறத்துக்கும் அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை அது செவ்வையாகத் திருப்பித் தருவதில்லை.

இக்குறைகளைத் தீர்க்க முன்வந்தது அலுமினியம். 1930களின் தொடக்கத்தில், கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜான் ஸ்ட்ராங், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி, அதனை ஆடியின்மேல் படியச் செய்யும் முறையை வளர்த்தார். 1935ஆம் ஆண்டில் மவுண்ட் வில்சனிலிருந்த 100 அங்குல ஆடி அலுமினிய ஆடை பெற்றது.

ஆனால், இயற்கை ஒரு புதிர் வைத்திருந்தது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல, காற்றுப் பட்டவுடனே அலுமினியத்தின்மேல் அதன் ஆக்சைடு படிந்துவிடுகிறது. இரண்டு மூன்று நானோமீட்டர் தடிப்பே உடைய அப்படலம், உள்ளிருக்கும் உலோகத்துக்கு நல்ல காவல். நாம் காணும் ஒளிக்கு அது தடையும் அன்று. ஆயினும், 200 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை அது மேன்மேலும் விழுங்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்!

நிலத்தில் இருந்து நோக்குவோருக்கு இதனால் இழப்பு இல்லை. அவ்வொளியை வளிமண்டலமே தடுத்துவிடுகிறது. ஆனால், 1946ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்டு டௌசி குழுவினர், வி-2 ராக்கெட்டில் கருவியை ஏற்றி, ஓசோன் படலம் மறைத்திருந்த கதிரவனின் புறஊதா நிறமாலையைப் பதிவு செய்தனர். அண்டத்தில் மிகுந்துள்ள ஹைட்ரஜன் தன் முதன்மையான செய்தியை 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்புகிறது. வானுக்கு ஏறியும் அச்செய்தியைப் படிக்க இயலாத ஆடியால் பயன் என்ன?

டௌசியும் ஜார்ஜ் ஹாஸ் என்னும் அறிஞரும் கண்ட வழி எளியது. செயலில் மிகவும் நுட்பமானது. அலுமினியம் படிந்து முடிந்தவுடனே, வெற்றிடத்தைக் கலைக்காமலே, ஆக்சைடு தலைகாட்டுமுன் மக்னீசியம் புளூரைடை அதன்மேல் படியச் செய்ய வேண்டும். அப்பொருள் ஏறத்தாழ 115 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை ஊடுருவ விடும். காற்றை உள்ளே விடாது. 1959ஆம் ஆண்டில் அவர்கள் இம்முறையைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். 1990 ஏப்ரலில் விண்ணேறிய ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடிக்கு வாய்த்த ஆடையும் இதுவே: 65 நானோமீட்டர் அலுமினியம், அதன்மேல் 25 நானோமீட்டர் மக்னீசியம் புளூரைடு. நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கே அம்மேலாடை!

இத்துடன் பகை ஒழிந்ததா? இல்லை. காற்றை வென்றவர்கள், ஒளியாலேயே விளையும் கேட்டை எதிர்கொள்ள நேர்ந்தது. விண்கலத்திலுள்ள பசையும் வண்ணப்பூச்சும் வடங்களின் உறையும் வெற்றிடத்தில் மெல்ல ஆவி விடுகின்றன. அவ்வாவி ஆடியின்மேல் படிகிறது. அந்நிலையில் புறஊதா ஒளி பட்டால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, விளக்குத் தண்டில் வழிந்த எண்ணெய் நாளடைவில் பிசுக்காவதுபோல் இறுகிவிடுகின்றன. 1993 டிசம்பரில் ஹபிளிலிருந்து கழற்றிக் கொணரப்பட்ட முதற் படக்கருவியின் சிற்றாடியை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 45 நானோமீட்டர் தடிப்புள்ள கரிமப் படலம் அதன்மேல் இறுகியிருக்கக் கண்டனர். காக்கும் மேலாடையைவிட மாசின் தடிப்பு மிகுதி! வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் ஆடியும் குறுகிய அலைநீளப் புறஊதா ஒளிக்குக் குருடாகிவிடக்கூடும். அதுவே இக்கேட்டின் கொடுமை.

இதற்கு மருந்து இன்னும் தடித்த ஆடை அன்று, தூய்மையும் பொறுமையுமே. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்கலத்தில், பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி இருந்தது. விண்ணை அடைந்ததும் அதன் கண்கள் திறக்கப்படவில்லை. கலத்தின் ஆவிகள் அடங்கட்டும் என்று இரண்டு திங்கள் காத்திருந்து, நவம்பர் 30ஆம் நாளன்றே வாயில்களைத் திறந்தனர். பல ஆண்டுகள் உழைத்தோருக்கு அந்த இரண்டு திங்களும் எத்துணை நீண்டிருக்கும் என்பதை எண்ணி நான் வியப்பதுண்டு.

ஆடையிட வேண்டியபோது கணமும் தாழ்க்காத விரைவு. கண் திறக்க வேண்டியபோது திங்கள் கணக்கில் பொறுத்திருக்கும் நிதானம். இவ்விரண்டையும் இடமறிந்து கையாண்டமையால்தான் விண்மீன்களின் மறைவான ஒளி மங்காமல் நம்மை வந்தடைந்தது. ஆய்வுக்கூடம் புகவிருக்கும் இளைஞர்களாகிய நீங்கள் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.