மூங்கில் கோலும் மூடிய மைதானமும்



வரலாறு என்றதும் மன்னர்களும் படைகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. போர்க்காலத்திலே ஒரு மனிதன் எவ்வளவு உயரம் பாய்ந்தான் என்பதும் வரலாறுதான். அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஆறு வாரங்களின் பின், மே 23ஆம் திகதி, கலிபோர்னியாவில் கொர்னேலியஸ் வார்மர்டாம் என்ற பாடசாலை ஆசிரியர் ஒரு மூங்கில் கோலை ஊன்றி 15 அடி 7¾ அங்குலம் பாய்ந்தார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு உயரம் பாய்ந்ததில்லை.

அமெரிக்காவில் மாரிக்காலத்தில் மைதானங்கள் பனியால் மூடிவிடும். எனவே போட்டிகளைக் கூரையின் கீழ் நடத்துவார்கள். தேசிய உள்ளரங்கப் போட்டி நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் நடைபெற்று வந்தது. போர் மூண்ட பின்னரும் அது நிற்கவில்லை. அங்கே ஓடுபாதை பலகையால் ஆனது. ஒரு மைல் ஓடுபவர் அந்தச் சிறு வட்டத்தை 11 தடவை சுற்ற வேண்டும். வெளியே இளைஞர்கள் படைக்குப் போய்க்கொண்டிருக்க, உள்ளே அந்தப் பலகைகளின் மேல் ஆணிச் சப்பாத்துகளின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தகைய உள்ளரங்கு ஒன்றிலேதான், 1943 மார்ச் 20இல் சிக்காகோவில், வார்மர்டாம் தம் சாதனையைத் தாமே மிஞ்சி 15 அடி 8½ அங்குலம் பாய்ந்தார். வெளியரங்கச் சாதனை 1957 வரையும், உள்ளரங்கச் சாதனை 1959 வரையும் நிலைத்தன. 15 அடியை அவர் 43 தடவை தாண்டினார். 1951 வரை வேறெவரும் ஒரு தடவையேனும் அதைத் தாண்டவில்லை.

ஆயினும் அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. 1940ஆம் ஆண்டுப் போட்டி டோக்கியோவுக்கு உரியதாயிருந்து, ஹெல்சிங்கிக்கு மாறி, பின்பு கைவிடப்பட்டது. 1944இல் லண்டனில் நடக்கவிருந்ததும் நடக்கவில்லை. 1948இல் லண்டனில் மீண்டும் சுடர் ஏற்றப்பட்டபோது, பயிற்றுநராகிவிட்டமையால் அவர் போட்டியிடத் தகுதியற்றவரானார். அங்கே வென்றவர் பாய்ந்த உயரம் 4.30 மீற்றர். வார்மர்டாம் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே பாய்ந்தது 4.77 மீற்றர்!

போர் எல்லோரையும் இப்படி வஞ்சிக்கவில்லை. அதே லண்டன் போட்டியின் 400 மீற்றர் தடைதாண்டலில் முதலிடம் பெற்ற ரோய் கொக்ரன், யுத்தத்தில் கடற்படையில் சேவையாற்றிவிட்டு வந்தவர். அவருக்கு அடுத்ததாக 51.8 செக்கனில் வந்து, சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித் தந்தவர் நம் டங்கன் வைற். காத்திருந்தவர்களில் சிலருக்குக் காலம் கைகொடுத்தது. வார்மர்டாமுக்கு அது கைவிரித்தது.

இந்தக் கதை என்னை ஏன் தொடுகிறது? 1990இல் நான் சிறுவன். எங்கள் ஊர்ப் பாடசாலை அகதிமுகாமானது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்திலே அடுப்புகள் எரிந்தன. உயரம் பாய்வதில் பெயரெடுத்த ஓர் அண்ணா எங்களுக்கு இருந்தார். மீண்டும் போட்டி வைத்தபோது அவருக்கு வயதெல்லை கடந்துவிட்டது. கயிற்றின் ஓரத்தில் நின்று தம்பிமாருக்குக் கைதட்டினார். தமிழ்ப் பிள்ளைகளிலும் முஸ்லிம் பிள்ளைகளிலும் அவரைப் போல எத்தனை பேர்!

வகுப்பிலே ‘கோலூன்றிப் பாய்தல்’ என்ற தொடரை விளக்கும்போது நான் சொல்வதுண்டு: தளர்ந்தவன் நடக்கவும் கோல்தான் ஊன்றுகிறான், இளைஞன் பறக்கவும் கோல்தான் ஊன்றுகிறான். ஊன்ற நிலம் வேண்டும். அந்த நிலத்தில் அமைதி வேண்டும்.

வார்மர்டாமின் உயரத்தை அளந்து எழுதிவைக்க அங்கே ஆளிருந்தது. அதனால் பதக்கம் இல்லாவிடினும் பெயர் நிலைத்தது. எங்கள் அண்ணா பாய்ந்த உயரத்தை எழுதிய ஏடு இன்று எங்கே? கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் இன்று பிள்ளைகள் ஓடுவதைக் காணும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பாடசாலை அலுமாரிகளில் கறையான் தின்னாது எஞ்சிய பழைய விளையாட்டுப் பதிவேடுகள் இருந்தால், அன்பர்களே, அவற்றைத் தேடி எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள். அவையும் நம் வரலாறுதான்.