ஆளுக்கேற்ற வேதப் புத்தகம்

பிரெஞ்சில் 'கோல்போர்த்தேர்' என்றொரு சொல் உண்டு. 'கோல்' என்றால் கழுத்து, 'போர்த்தே' என்றால் சுமப்பது. கழுத்திலே பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாங்கம், கதைப் புத்தகம், ஜெபப் புத்தகம் விற்றவர்களுக்கு அந்தக் காலத்துப் பிரான்சில் அதுதான் பெயர். பின்னாளில் ஆங்கிலேயரின் வேதாகமச் சங்கங்களும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன. நம் வயதுக்காரர்கள் சிலருக்கு ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒற்றைச் சுவிசேஷத்தைச் சிறு புத்தகமாக விற்றவர்கள் நினைவிருக்கலாம். அவர்களும் அந்த வழி வந்தவர்களே.

வேதப் புத்தகமானாலும் விற்பது என்று வந்துவிட்டால் வாங்குகிறவர் யார், அவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எதை விரும்பிப் படிப்பார் என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல.

1643ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போது பார்லிமெண்டுப் படையினருக்காக ஒரு பைபிள் அச்சாயிற்று. மொத்தமே 16 பக்கம். போர்வீரன் எப்படி நடக்கவேண்டும், எதற்கு அஞ்சக்கூடாது என்று தலைப்புப் போட்டு, அந்தந்தத் தலைப்புக்கு ஏற்ற வசனங்களைப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். 1693இல் அது 'பென்னி பைபிள்' என்று மறுபடி வந்தது. விலையையே பெயராக வைத்துவிட்டார்கள்!

அடுத்தது வேல்ஸ் நாட்டுக் கதை. மேரி ஜோன்ஸ் என்ற ஏழைப் பெண் தன் தாய்மொழியில் ஒரு பைபிள் வாங்குவதற்காகப் பல வருஷம் காசு சேர்த்து, 1800ஆம் ஆண்டில், 15 வயதில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நடந்து பாலா என்ற ஊருக்குப் போனாள். அங்கே தாமஸ் சார்லஸ் என்ற போதகரிடம்தான் பிரதிகள் இருந்தன. இப்படிப்பட்ட ஏழைகளுக்காக 1804இல் லண்டனில் வேதாகமச் சங்கம் தொடங்கியது. மலிவு விலை, அவரவர் மொழி, உரையோ விளக்கமோ சேர்க்காத மூலம் மட்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி.

மூன்று வருஷம் கழித்து அதே லண்டனில் இன்னொரு புத்தகம் வந்தது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்காகத் தேர்ந்தெடுத்த வேதாகமப் பகுதிகள் என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தது. இன்று அதை 'அடிமை பைபிள்' என்கிறார்கள். புராட்டஸ்டண்டு பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இதில் இருந்தவை 232.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரரின் சேன் தொமேங்கு தீவில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது, 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1804இல் அந்தத் தீவு எய்த்தி (ஹைட்டி) என்ற பெயரில் சுதந்திர நாடாகிவிட்டது. பக்கத்துத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஆங்கில முதலாளிகளுக்குத் தூக்கம் போயிற்று. அடிமைக்கு எழுத்து தெரியலாமா என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி.

அப்படிப்பட்ட முதலாளிகள் அனுமதிக்கும் புத்தகம் எப்படி இருக்கும்? யோசேப்பு எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. மோசே ஜனங்களை எகிப்திலிருந்து மீட்டு வந்த கதை இல்லை. வேலைக்காரர்கள் எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் இருந்தது. அடிமைக்கும் ஆண்டைக்கும் பேதமில்லை என்ற கருத்துள்ள கலாத்தியர் வசனம் இல்லை. சங்கீதப் புத்தகம் முழுவதும் இல்லை.

இதை வெளியிட்ட சங்கத்தின் முன்னணியில் இருந்தவர் லண்டன் பிஷப் பெய்ல்பி போர்ட்டியஸ். இவர் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேசியவர்! பிரிட்டிஷ் பார்லிமெண்டு அந்த வியாபாரத்தைத் தடை செய்ததும் இதே 1807இல்தான். கெட்ட எண்ணம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. ஒன்றுமே கிடைக்காமல் போவதைவிட இதுவாவது கையில் கிடைக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் படிக்கிறவன் அடிமை, அவன் என்ன படிக்கலாம் என்பதை முடிவு செய்ததோ அவனை விலைக்கு வாங்கியவனின் பயம்.

போர்வீரன் பைபிளும் பொறுக்கிச் சேர்த்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சுக் காலத்து 'அரெத்தே'யிலிருந்து ஒரு பத்தியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு யாராவது வந்தால், முழு உத்தரவும் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்போம். முழு உத்தரவும் கைக்கு எட்டினால் பகுதியால் தீங்கில்லை. போர்வீரன் ஊர் திரும்பினால் கோயிலில் முழு வேதமும் இருந்தது. கரும்புத் தோட்டத்து அடிமைக்கு அந்த வழி அடைத்திருந்தது. வித்தியாசம் அதுதான்.

இன்றும் ஆளுக்கேற்ற புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2003இல் அமெரிக்காவில் தாமஸ் நெல்சன் பதிப்பகம் 'ரிவால்வ்' என்ற பெயரில் புதிய ஏற்பாட்டை இளம்பெண்களின் பேஷன் பத்திரிகை போலவே வெளியிட்டது. அட்டையில் சிரிக்கும் பெண்கள், உள்ளே அழகுக் குறிப்புகள். பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் அதில் இருந்தது. 1923இல் தொடங்கிய கோரக்பூர் கீதா பிரஸ் ரயில் நிலையக் கடைகளில் பகவத் கீதையை மலிவு விலையில் வைத்தது. தமிழிலும் வந்தது, சட்டைப்பை அளவிலும் வந்தது. சுலோகம் குறையவில்லை.

அளவைக் குறைக்கட்டும், விலையைக் குறைக்கட்டும், அட்டையில் என்ன படம் வேண்டுமானாலும் போடட்டும். அதெல்லாம் வாசகருக்குச் செய்யும் உபசாரம். 'அடிமை பைபிள்' பிரதிகளில் இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிபவை மூன்றே மூன்று. அவற்றில் ஒன்றை வைத்திருப்பது அமெரிக்காவின் பிஸ்க் பல்கலைக்கழகம். விடுதலை பெற்ற அடிமைகள் படிப்பதற்காக 1866இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. மோசேயின் கதையை எந்தத் தடையும் இல்லாமல் அங்கே படிக்கலாம்.